பேரிடர் நிதி: டெக்சஸில் நிலம் வாங்கியவர்களுக்கு ஒரு கவுண்டி ஆபீஸ் வழிகாட்டி

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் வடகோடியில் ஸ்டின்னெட் என்ற சிற்றூருக்கு அருகே பிடித்த தீ, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த பிறகுதான் அடங்கியது. ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ என்று பெயர். அந்த மாநில வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய காட்டுத்தீ இல்லை. இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான மாடுகள் கருகின. ஹெம்ப்ஹில் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) தலைநகரான கனேடியன் ஊரைச் சுற்றி மைல் கணக்கில் வேலி போனது, மேய்ச்சல் போனது, அடுக்கி வைத்திருந்த வைக்கோல் உருண்டைகளும் போயின. அந்தப் பகுதித் தீக்களால் ஏற்பட்ட விவசாய நட்டம் சுமார் 12.3 கோடி டாலர் என்று டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் அக்ரிலைஃப் பிரிவு முதற்கட்டமாகக் கணக்கிட்டது.

இப்படி ஒரு நாளுக்குப் பிறகு அரசுப் பணம் யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பது பெரும்பாலும் தீப்பிடிக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. கவுண்டி ஆபீஸில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆஸ்டினிலும் டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே பத்து இருபது ஏக்கர் வாங்கி ஆடு மாடு விட்டிருக்கும் நம்மவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். திட்டங்கள் எல்லாம் மத்திய அரசுடையவை.

எந்த ஆபீஸ்?

பேரிடர் என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் ஃபீமா, மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பு. வீடு எரிந்தால், கூரை பறந்தால் அவர்களிடம் போகலாம். மாடு, புல், வேலி, பயிர் என்றால் அமெரிக்க விவசாயத் துறையின் கிளையான எஃப்.எஸ்.ஏ.வுக்குப் போக வேண்டும். விரித்துச் சொன்னால் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி. பெரும்பாலான கிராமப்புறக் கவுண்டிகளுக்கு ஓர் ஆபீஸ் உண்டு. சில இடங்களில் இரண்டு மூன்று கவுண்டிகளுக்கு ஒன்று. வெளியே ‘யு.எஸ்.டி.ஏ. சர்வீஸ் சென்டர்’ என்று பலகை இருக்கும். உள்ளே நாலைந்து பேர்தான் வேலை பார்ப்பார்கள். போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஊரில் பயிர் மூழ்கினால் வி.ஏ.ஓ. வந்து பார்ப்பார், அடங்கலில் என்ன பயிர் என்று இருக்கும், கணக்கெடுத்து மேலே அனுப்புவார்கள். இங்கே தானாக யாரும் வர மாட்டார்கள். அடங்கலை நீங்களே வருடா வருடம் போய் எழுதிவிட்டு வர வேண்டும், நட்டத்தையும் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் படி: ஃபார்ம் நம்பர்

நிலத்தின் பத்திரம் அல்லது குத்தகைத் தாள், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகியவற்றோடு போய் ‘ஃபார்ம் நம்பர் வேண்டும்’ என்று கேளுங்கள். எல்.எல்.சி. என்ற வகை நிறுவனத்தின் பெயரில் நிலம் இருந்தால் அதன் பதிவுத் தாள்களும் இ.ஐ.என். என்ற வரி எண்ணும் வேண்டும், யார் கையெழுத்திடலாம் என்பதற்கான சான்றும் வேண்டும். உங்கள் நிலத்துக்கு முந்தைய உரிமையாளர் காலத்திலேயே ஒரு நம்பர் இருக்கக்கூடும். அப்படியென்றால் பெயர் மாற்றம்தான். கட்டணம் கிடையாது.

அதே நாளில் சில படிவங்களையும் முடித்துவிடலாம். ஏ.டி.-2047 உங்கள் அடிப்படை விவரம். சி.சி.சி.-902 பண்ணையை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பது. நிறுவனமாக இருந்தால் உறுப்பினர் பட்டியலுக்கு சி.சி.சி.-901. சி.சி.சி.-941 வருமான உறுதிமொழி: மூன்று வருடச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாக இந்த உதவிகள் கிடையாது. சம்பளமும் பங்கு விற்ற லாபமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் ஐ.டி. தம்பதிகள் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. வங்கிக் கணக்கு விவரத்துக்கு எஸ்.எஃப்.-3881.

ஏ.டி.-1026 என்ற படிவத்தை மட்டும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எளிதில் அரித்துப்போகும் மண்ணை அனுமதியில்லாமல் உழ மாட்டேன், ஈரநிலத்தை வடிகட்டிப் பயிர் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி அது. ‘இந்தச் சதுப்பை நிரவிவிட்டால் இன்னும் இரண்டு ஏக்கர் கிடைக்கும்’ என்று ஜே.சி.பி. கொண்டுவரும் ஆர்வம் புதியவர்களுக்கு வரும். அந்த இரண்டு ஏக்கருக்காக மொத்தப் பண்ணையும் எல்லா உதவியையும் இழக்கலாம். புல்டோசர் வரும் முன் ஆபீஸில் கேளுங்கள்.

விசாவில் இருப்பவர்கள்

இதை யாரும் நேராகச் சொல்வதில்லை. கால்நடை இழப்புத் திட்டங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் உரியவை. எச்-1பி விசாவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் கதவு அடைப்புதான். வேறு சில திட்டங்களில் நிலம், முதல், சொந்த உழைப்பு மூன்றையும் தானே கணிசமாகப் போடுகிறவருக்கு வழி உண்டு. வாரம் நாற்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன் இருப்பவர் அதை நிரூபிப்பது கடினம். சொந்தப் பண்ணையில் உழைப்பதே விசா நிபந்தனையோடு மோதுமா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவி கிடைக்காவிட்டாலும் கடமை ஒன்று உண்டு. குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ அல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால், வாங்கிய 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 என்ற படிவத்தைக் கவுண்டி ஆபீஸில் கொடுக்க வேண்டும். இது 1978-ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ஏக்கருக்கு உட்பட்டு, விளைச்சலில் வருடம் ஆயிரம் டாலருக்கு மேல் வராத நிலத்துக்கு மட்டும் விலக்கு. மறந்தால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். நிலம் விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் இதைச் சொல்வார் என்று நம்பி இருக்காதீர்கள்.

இரண்டாம் படி: வருடாந்திரக் கணக்கு

ஃபார்ம் நம்பர் வாங்கியதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வருடமும் எந்தத் துண்டில் என்ன இருக்கிறது, மேய்ச்சலா, வைக்கோலுக்கான புல்லா, பயிரா என்று அறிக்கை கொடுக்க வேண்டும். எஃப்.எஸ்.ஏ.-578 என்ற படிவம். கோடைப் பயிர்கள் பலவற்றுக்குக் கடைசி நாள் ஜூலை 15. பல்லாண்டு மேய்ச்சல் புல்லுக்கும் குளிர்காலத் தானியத்துக்கும் வேறு தேதிகள் உண்டு, கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அச்சிட்ட பட்டியல் ஒன்றை அங்கேயே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பதுதான் எளிய வழி.

காய்கறி போடுகிறவர்களுக்கு இன்னொரு வேலை. சோளம், பருத்தி போன்றவற்றுக்குப் பயிர்க் காப்பீடு விற்கிறார்கள். உங்கள் கவுண்டியில் காப்பீடு விற்கப்படாத பயிர் என்றால் ‘நேப்’ என்ற திட்டம் உண்டு. வெண்டை, புடலை, பாகல் என்று நம் கடைகளுக்காகப் பயிரிடுகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். பயிர் ஒன்றுக்கு 325 டாலர், ஒரு கவுண்டிக்கு அதிகபட்சம் 825 டாலர் கட்டணம். தொழிலுக்குப் புதிய விவசாயிக்கும் குறைந்த வருமானக்காரருக்கும் முன்னாள் படைவீரருக்கும் கட்டண விலக்கு உண்டு. அதற்கு சி.சி.சி.-860 என்ற தாள் கோப்பில் இருக்க வேண்டும். அடிப்படைக் காப்பு மெலிதுதான்: எதிர்பார்க்கும் விளைச்சலில் பாதிக்குக் கீழே போனால், அந்தக் குறைவுக்குச் சந்தை விலையில் 55 சதவீதம் தருவார்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால் கூடுதல் காப்பு. ஆனால் விதைப்பதற்கு வெகு முன்பே சேர்க்கை மூடிவிடும். ஆலங்கட்டி மழைக்கு மறுநாள் போய்ச் சேர முடியாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு மழைக் குறியீட்டைப் பார்த்துப் பணம் தரும் மேய்ச்சல் காப்பீடும் இருக்கிறது. அது தனியார் காப்பீட்டு ஏஜென்ட் வழியாக, டிசம்பர் 1-க்குள். உங்கள் நிலம் காய்ந்ததா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. வரைபடத்தில் உங்கள் நிலம் விழும் கட்டத்தில் பதிவான மழைதான் கணக்கு.

மூன்றாம் படி: மந்தைக்குச் சாட்சி

இறந்த மாட்டுக்குப் பணம் கேட்பவர், அது உயிரோடு இருந்தது என்று முதலில் காட்ட வேண்டும். வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவர் பில், காதுத் தோட்டு எண்களின் பட்டியல், தடுப்பூசிக் குறிப்பு, வருமான வரிக் கணக்கில் காட்டிய இருப்பு, ஏலக் கொட்டகை ரசீது என எதையும் தூக்கி எறியாதீர்கள். மாதம் ஒருமுறை மந்தையைத் தேதியோடு போனில் படம் எடுத்து வைத்தால் போதும், பத்து நிமிட வேலை. பசு எத்தனை, கிடாரி எத்தனை, பால் மறக்காத கன்று எத்தனை, காளை எத்தனை என்று வகை பிரித்து எழுதி வையுங்கள். வகைக்கு ஒரு விலை என்பதால் ‘மொத்தம் 40’ என்பது உதவாது.

ஆசைக்கு வளர்க்கும் ஆட்டுக்கும் சவாரிக் குதிரைக்கும் பணம் இல்லை. பண்ணைத் தொழிலின் பகுதியாக வளர்த்தது என்று காட்ட வேண்டும்.

இன்னொன்று. சொத்து வரியைக் குறைக்கும் விவசாய மதிப்பீட்டுக்காகத் தன் நிலத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரின் மாட்டை மேயவிடும் வழக்கம் டெக்சஸில் பரவலாக இருக்கிறது. அப்படி விட்டிருந்தால் மாடு செத்த பணம் மாட்டுக்காரருக்கு. மேய்ச்சல் போன பணமும் அவருக்கே, ஏனென்றால் கால்நடையும் மேய்ச்சல் இழப்பின் சுமையும் அவருடையவை. நிலத்துக்காரரான உங்களுக்கு மிஞ்சுவது, உங்கள் செலவில் கட்டிய வேலிக்கான உதவி மட்டும். இதை வாய்ப்பேச்சாக விடாமல் யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால், பிறகு ஆபீஸில் இரண்டு பேரும் ஒரே இழப்புக்கு விண்ணப்பித்து நிற்கும் சங்கடம் வராது.

நான்காம் படி: கெட்ட நாள் வந்தபின்

மனிதர்களும் மிச்சமிருக்கும் கால்நடைகளும் பத்திரம் என்றான பிறகு, எதையும் புதைக்கும் முன், இழுத்துப் போடும் முன், படம் எடுங்கள். காதுத் தோடு தெரியும்படி அருகிலிருந்து ஒன்று, சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. சடலம் அள்ளிப் போகும் வண்டியின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் உறவினரோ பணியாளரோ அல்லாத ஒருவர், பக்கத்து நிலத்துக்காரரோ மருத்துவரோ, கண்ணால் பார்த்தால் நல்லது. தாள்கள் எரிந்துபோனால் அவர் சாட்சியம் கைகொடுக்கும்.

அதே வாரம் ஆபீஸுக்கு போன் செய்து பதிவு செய்யுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். கால்நடைத் திட்டங்களுக்கு மறுவருடம் மார்ச் 1 வரை விண்ணப்பிக்கலாம். நேப்-க்கு அந்தச் சலுகை இல்லை: இழப்பு தெரிந்த 15 நாளுக்குள் சி.சி.சி.-576 கொடுக்க வேண்டும், கையால் பறிக்கும் காய்கறி பழங்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். எண்ணிக்கை முதலில் தோராயமாக இருந்தால் பரவாயில்லை.

வேலி போடுகிறவரை உடனே அழைக்காதீர்கள். கை பரபரக்கும், மாடுகள் ரோட்டில் நிற்கும். தற்காலிகக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். நிரந்தர வேலையைத் தொடங்கும் முன், பேரிடரில் சேதமானதைச் சீராக்க உதவும் ஈ.சி.பி. என்ற திட்டத்தில் விண்ணப்பம் போட்டு, அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஆளை விடுங்கள். முன்னரே முடித்த வேலைக்குப் பணம் கேட்பது பெரும்பாலும் வீண். இந்தத் திட்டத்தில் செலவில் 75 சதவீதம் வரை அரசு தரும், மீதி உங்களுடையது. வேலிக்கு ஒரு பங்கை முன்பணமாகவும் கேட்கலாம். செலவுப் பங்கில் 25 சதவீதம் வரை கிடைக்கும். உங்கள் கவுண்டிக்கு ஈ.சி.பி. திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாப் பேரிடருக்கும் தானாகத் திறப்பதில்லை.

எந்த நட்டத்துக்கு எந்தத் திட்டம்

கால்நடை இறந்தால் எல்.ஐ.பி. நாடு முழுவதற்கும் வகைவாரியாக ஒரு சந்தை மதிப்பு போட்டு, அதில் 75 சதவீதம் தருகிறார்கள். ஆனால் வழக்கமாகவே சாகும் எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். எடுத்துக்காட்டுக்கு, உங்களிடம் 40 ஆடு, உங்கள் மாநிலத்தில் இயல்பான இறப்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புயலில் 7 செத்தால் 2 கழிந்து 5 ஆட்டுக்குப் பணம். காயம்பட்டதைக் குறைந்த விலைக்கு விற்றிருந்தாலும் கேட்கலாம், விற்ற ரசீது வேண்டும். தீ, வெள்ளம், சூறாவளி, பனிப்புயல், கடும் வெப்பம் போன்றவை சேரும். வறட்சி மட்டும் சேராது. காய்ந்த காலத்தில் மெலிந்து செத்த மாட்டுக்கு எல்.ஐ.பி.யில் இடமில்லை.

வேட்டையாடும் விலங்கு விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொயோட்டி என்ற சிறு ஓநாய் வந்து ஆட்டை அடித்தால் ஒன்றும் கிடையாது, கருங்கழுகு கூட்டமாக வந்து பிறந்த கன்றைக் கொத்திக் கொன்றால் பணம் உண்டு. மத்தியச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அல்லது மத்திய அரசே மீண்டும் காட்டில் விட்ட விலங்காக இருக்க வேண்டும் என்பது விதி. 2025 ஜூலையில் வந்த சட்டம் இப்படிப்பட்ட இழப்புக்கு மதிப்பில் 100 சதவீதம் என்று உயர்த்தியது.

வறட்சியில் மேய்ச்சல் போனால் எல்.எஃப்.பி. இதற்கு உங்கள் நிலத்தைப் பார்ப்பதில்லை, வறட்சி வரைபடத்தைப் பார்க்கிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள வறட்சி மையமும் மத்தியத் துறைகளும் சேர்ந்து வியாழன்தோறும் வெளியிடும் படம் அது. அதில் டி-க்குப் பின் வரும் எண் கூடக் கூட வறட்சி கடுமை. மேய்ச்சல் பருவத்தில் உங்கள் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி டி-2 நிறத்தில் தொடர்ந்து 4 வாரம் இருந்தால் ஒரு மாதத் தொகை, 8 வாரத்தில் 7 வாரம் இருந்தால் இரண்டு. டி-3 ஒருமுறை தொட்டாலே மூன்று. டி-3 நான்கு வாரமோ, டி-4 ஒருமுறையோ என்றால் நான்கு. டி-4 நான்கு வாரம் நீடித்தால் ஐந்து. மாதத் தொகை என்பது தீவனச் செலவின் 60 சதவீதத்தை ஒட்டியது. உங்கள் துண்டு பச்சையாக இருக்கும்போது கவுண்டியின் மறுகோடி சிவந்திருக்கலாம், அதனால் வியாழன்தோறும் படத்தைப் பாருங்கள். ஆனால் உங்கள் மேய்ச்சல் உண்மையிலேயே குறைந்தது என்று நீங்கள் கையெழுத்திட வேண்டும், அதில் விளையாடாதீர்கள்.

தீயில் மேய்ச்சல் போனால் பலரும் எல்.எஃப்.பி. படிவத்தைக் கேட்டு நிற்கிறார்கள். அந்தத் திட்டத்தில் தீ என்பது மத்திய அரசு நிலத்தில் மேய்க்கத் தடை விழுந்தால் மட்டுமே. டெக்சஸில் நிலம் ஏறக்குறைய எல்லாமே தனியாருடையது. அதனால் கனேடியன் பக்கம் எரிந்த புல்லுக்கும் கருகிய வைக்கோலுக்கும் உரிய இடம் ஈலாப் என்ற வேறொரு திட்டம். வறட்சியில் தண்ணீர் வண்டி ஓட்டிய செலவு, வழக்கத்துக்கு மேல் தூரத்திலிருந்து தீவனம் கொண்டுவந்த செலவு, தேனீக்கூடு, பண்ணை மீன் எல்லாம் ஈலாப் பட்டியலில்தான். தண்ணீர் இழுத்த ஒவ்வொரு நடைக்கும் தேதி, காலன், மைல் எழுதி வையுங்கள்.

அவசரக் கடனும் உண்டு, அதிகபட்சம் 5 லட்சம் டாலர். உங்கள் கவுண்டியோ அதை ஒட்டிய கவுண்டியோ பேரிடர் பகுதியாக அறிவிக்கப்பட்ட 8 மாதத்துக்குள் கேட்கலாம். வட்டி குறைவு. திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதால் உதவிப் பட்டியலில் இதைக் கடைசியில் வைப்பேன்.

காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தனியாக ஒதுக்கும் பணம்

மேலே சொன்னவை எப்போதும் இருப்பவை. பெரிய வருடங்களுக்குப் பிறகு காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டுக் கூடுதலாகத் தருவதுண்டு. 2024 டிசம்பரில் வந்த சட்டம், 2023, 2024 பேரிடர் இழப்புகளுக்காக சுமார் 2,078 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் வறட்சிக்கும் தீக்குமான கால்நடைத் தொகை, 2025-இல் யாரிடமும் புது விண்ணப்பம் கேட்காமலே வந்தது. ஏற்கெனவே எல்.எஃப்.பி.யில் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற்றவர்களின் கோப்பை எடுத்து, அதன்படி வங்கியில் போட்டுவிட்டார்கள். பயிர்களுக்கான முதல் சுற்றும் அப்படித்தான், காப்பீட்டிலோ நேப்-இலோ பணம் வாங்கியவர்களுக்கே விவரம் நிரப்பிய படிவம் வீட்டுக்கு வந்தது. எதிலும் இல்லாதவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து இரண்டாம் சுற்றில் தாங்களே ஆதாரம் திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. சின்னத் தொகைதானே என்று எல்.எஃப்.பி.யை விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் பயிர்ப் பணத்தை வாங்கியவர், அடுத்து வரும் இரண்டு பயிர் வருடங்களுக்குக் காப்பீடோ நேப்-ஓ எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

டெக்சஸ் விவசாயத் துறை நடத்தும் ஸ்டார் ஃபண்ட் தனி. அது நன்கொடைப் பணம், வேலிக்கும் தீவனத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

இல்லை என்று சொன்னால்

மறுப்புக் கடிதம் வந்தால் அதிலேயே மேல்முறையீட்டு வழி எழுதியிருக்கும், பொதுவாக 30 நாள். முதலில் கவுண்டி கமிட்டியிடம் மறுபரிசீலனை கேட்கலாம், பிறகு மாநிலக் கமிட்டி, அல்லது தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. ‘ஆபீஸில் அந்த அம்மா வாயால் முடியாது என்றார்’ என்பதோடு திரும்பிவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, முடிவை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து மேலே போவது பெரும்பாடு.

கவுண்டி கமிட்டி என்பது உள்ளூர் விவசாயிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் குழு. மூன்று முதல் பதினொரு பேர், மூன்று வருடப் பதவி. உங்கள் கோப்பு சரியாக இருந்தால் வருடக் கடைசியில் வாக்குச்சீட்டு தபாலில் வரும். விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் அதிகம்.

வரி

இந்தப் பணத்துக்கு வரி உண்டு. ஜனவரியில் அரசு தந்த பணத்தைக் காட்டும் 1099-ஜி என்ற தாள் வரும், அது வருமான வரியில் பண்ணைக் கணக்குக்கான ஷெட்யூல் எஃப்-இல் ஏற வேண்டும். பயிர்ப் பேரிடர்ப் பணத்தை, வழக்கமாக அந்த விளைச்சலை மறுவருடம் விற்கிறவர் ஒரு வருடம் தள்ளிக் காட்டலாம். வறட்சியால் வழக்கத்தைவிட அதிக மாடுகளை விற்க நேர்ந்தவருக்கும் தள்ளிப்போடும் வழிகள் உள்ளன. நகரத்தில் உங்கள் சம்பளக் கணக்கைப் போடும் சி.பி.ஏ.வுக்கு (கணக்காளருக்கு) இவை பழக்கமில்லாமல் இருக்கலாம், அதனால் கவுண்டியில் பண்ணைக் கணக்கு பார்க்கும் ஒருவரைத் தேடுங்கள். யார் நல்லவர் என்பது தீவனக் கடையில் கேட்டால் தெரிந்துவிடும்.